சொறி நாய்க்கு எந்தச் சோதனை: ஸ்ட்ரிப்பா, யூபிசியா, ரத்தமா?

எங்கள் கருப்பனுக்கு மூன்று மாதமாகத் தொடையிடுக்கில் சீழ்க் கொப்புளம். குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் அடங்கும், பிறகு கிளம்பும். டாக்டர் சிறுநீரகத்தையும் பார்க்க மூத்திரம் கேட்டார். "புண்ணுக்குத்தானே வந்தோம், மூத்திரம் எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். தொற்று மாதக்கணக்கில் நீடித்தால், கிருமியின் துணுக்குகளும் அவற்றை எதிர்க்கும் ஆன்டிபாடிகளும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். சில நாய்களுக்கு அவை சிறுநீரகத்தின் வடிகட்டியில் சிக்கி அழற்சி உண்டாக்கும், அங்கிருந்து ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் கசியும். சொறி வந்த எல்லா நாய்க்கும் இப்படி ஆவதில்லை. உண்ணிக் காய்ச்சலும் இதயப் புழுவும் இதே வேலையைச் செய்யும். நம் ஊர் நாய்க்குப் புண்ணும் உண்ணியும் சேர்ந்தேதான் வரும் என்பதால், பழியைத் தோல்மேல் மட்டும் போட முடியாது.

ஸ்ட்ரிப் என்பது சிறுநீரில் தோய்த்தால் நிறம் மாறும் பட்டை. மலிவு, ஒரு நிமிட வேலை. மஞ்சள் கட்டம் பச்சையாக மாறினால் புரதம். ஆனால் சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று தெரியாமல் அந்தப் பச்சைக்கு அர்த்தமே இல்லை. அடர்த்தி 1.045 இருக்கும் கெட்டியான சிறுநீரில் ஒரு பிளஸ் வந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அதே ஒரு பிளஸ் 1.010 என்ற நீர்த்த சிறுநீரில் வந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சிறுநீரில் காரத்தன்மை அதிகமானாலும் ஸ்ட்ரிப் பொய் சொல்லும்.

இந்தக் குழப்பத்தை யூபிசி தீர்க்கிறது. புரதத்தை அதே சிறுநீரிலுள்ள கிரியாட்டினின் என்ற தசைக் கழிவால் வகுக்கும் விகிதம் அது. நாய் நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் இரண்டுமே சேர்ந்து நீர்த்துப்போகும், விகிதம் அசையாது. ஐரிஸ் என்ற பன்னாட்டுச் சிறுநீரக நிபுணர் குழு நாய்களுக்கு வகுத்த அளவுகோலில் 0.2-க்குக் கீழே நிம்மதி, 0.2 முதல் 0.5 வரை இரண்டுங்கெட்டான், அதற்கு மேல் புரதக் கசிவு. 2-ஐத் தாண்டினால் வடிகட்டிதான் கெட்டிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும்.

யூபிசிக்கும் கண்ணி உண்டு. சிறுநீர்ப் பாதையில் தொற்றோ கண்ணுக்குத் தெரியும் ரத்தமோ இருந்தால் எண்ணை நம்பாதீர்கள். அரிப்புக்குக் கொடுக்கும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டே புரதத்தை ஏற்றிவிடும். சொறி நாய் வைத்திருப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், நானும் விழுந்தேன். இன்னொன்று, நாளுக்கு நாள் எண் ஆடும். காலையில் பழைய குழம்புக் கரண்டியை வாலுக்குப் பின்னால் நீட்டி நடு மூத்திரத்தைப் பிடித்து, மூன்று நாள் மாதிரியைச் சம அளவில் கலந்து ஒரே சோதனையாகக் கொடுத்தால் சராசரிக்கு அருகில் வரும், காசும் மிச்சம். இடைப்பட்ட நாட்களில் மாதிரி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். அம்மாவை அதற்குச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

ரத்தச் சோதனையைத்தான் நம் ஆட்கள் அதிகம் நம்புகிறார்கள். "கிரியாட்டினின் நார்மல், கிட்னி சூப்பர்" என்று வீடு திரும்புவார்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் சுமார் முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தக் கிரியாட்டினின் வரம்பைத் தாண்டும். சதை வற்றிய நாய்க்கு அது இன்னும் குறைவாகவே காட்டும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்த அளவீடு பரவாயில்லை, சராசரியாக 40 சதவீத இழப்பிலேயே ஏறத் தொடங்கும். இரண்டுமே சொல்வது எவ்வளவு வேலைத்திறன் மிச்சம் என்று. வடிகட்டி ஒழுகுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சிறுநீரில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் என்றால் நான் யூபிசி பக்கம். ஸ்ட்ரிப்பில் சந்தேகம் வந்தால், புண் ஆறி, ஸ்டீராய்டு நிறுத்திய பின் எடுங்கள். இரண்டு வார இடைவெளியாவது விட்டு மூன்று முறையும் 0.5-க்கு மேல் நின்றால், காரணத்தைத் தேடி, ரத்த அழுத்தம் பார்த்து, புரதக் கசிவைக் குறைக்கும் மருந்துகளில் பெனசெப்ரிலா டெல்மிசார்ட்டானா என்று டாக்டர் முடிவு செய்வார். ரத்தச் சோதனையும் அப்போது கட்டாயம்.

கருப்பனுக்கு யூபிசி ஸ்டீராய்டு ஓடும்போது 0.7, நிறுத்திய பின் 0.3. பாதிக்கு மேல் இறங்கிவிட்டதே என்று குதித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. 0.5-ஐ ஒட்டிய எண்களில் சுமார் 80 சதவீதம் மாறினால்தான் மெய்யான மாற்றமாம், மற்றதெல்லாம் அன்றாட ஆட்டமாக இருக்கலாமாம். அடுத்த வாரம் மறுபடி கரண்டியைத் தூக்க வேண்டும்.