பழைய மொறிஸ் மைனரைத் திருத்தக் கொடுப்போர் கவனத்திற்கு

அப்பாவின் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 காரை, வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணம் செல்லவிருந்த பழைய கார்களின் ரலிக்கு ஆயத்தப்படுத்தித் தருவதாகச் சொல்லி, வன்னியிலுள்ள ஒரு கராஜ்காரர் என்னிடம் நாலரை இலட்சம் ரூபாய் வாங்கினார். செய்யாத வேலைகளுக்கும் அவர் சிட்டை எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் இத்தகைய கார்கள் நிற்பதை அறிவேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பொருளாதாரத் தடை இருந்த 90களில், சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை எழுப்பிவிட்டுப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. ஏ9 திறந்திருந்த காலத்தில், 2006ஆம் ஆண்டுக்கு முன்னரே, வவுனியாவில் மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்ததால்தான் அது மிஞ்சியது. இறுதிப் போரின்போது எங்களோடு முல்லைத்தீவுப் பக்கம் வந்திருந்தால் இரும்புத் துண்டுகூடக் கிடைத்திராது.

மூன்று மாதத்தில் முடிப்பதாகப் பேச்சு. முன்சில்லுகள் திரும்பும் அச்சான கிங்பின்னும், அதன் முனையைப் பிடித்து நிற்கும் மூட்டுகளான ட்ரனியன்களும், பிறேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர், துருப்பிடித்த அடித்தகடுகள் ஆகியவற்றை மாற்றுவது முதல் வேலை என்றும், பெயின்ற் கடைசி வேலை என்றும் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் மாதம் போனபோது பெயின்ற் அடித்து முடிந்திருந்தது. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னால், மறுபடி கழற்றினால் ரலிக்கு முடியாது என்றார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டால், பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார் என்றார். "நீங்கள் யோசிக்காதேங்கோ அண்ணை, ரலி அண்டைக்கு வண்டி ஓடும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். திகதி நெருங்க நெருங்க, கேள்வி கேட்டால் வேலை தாமதமாகிவிடும் என்ற பயத்தில் நானே கேட்பதை நிறுத்தினேன். மிச்சப் பணத்தையும் கொடுத்தேன்.

ரலிக்கு முதல் நாள் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் புறப்பட்டு, வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். மீண்டும் வீதிக்கு ஏற ஸ்ரியறிங்கை ஒடித்தபோது இடது முன்சில்லு மடிந்து மட்கார்டுக்குள் போய்விட, கார் அந்த இடத்திலேயே குந்திவிட்டது. மைனரில் கிங்பின்னின் கீழ்முனை ட்ரனியனுக்குள் திருகுப்புரியால்தான் பிடித்து நிற்கிறது. கிறீஸ் இல்லாமல் அந்தப் புரி தேய்ந்துவிட்டால் சில்லைத் தாங்க வேறு பிடி இல்லை. மாற்றியதாகச் சிட்டையில் எழுதப்பட்டிருந்த ட்ரனியன் அறுபது வருடப் பழையது, உள்ளே உலர்ந்த மண் மட்டுமே இருந்தது. அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. முன் ஆசனத்தில் அவர்தான் இருந்தார். ஐந்து நிமிடம் முன்பு நாங்கள் அறுபது கிலோமீற்றர் வேகத்தில் வந்துகொண்டிருந்தோம்.

வீட்டுக்கு ஏற்றி வந்து முழுவதையும் கழற்றிப் பார்த்தோம். வாசலடித் தகடுகளில் காந்தம் ஒட்டவில்லை. சுரண்டினால் ஓட்டையை அடைக்கப் பூசும் புட்டிப் பசை, அதற்குள் திணித்த செய்தித்தாள். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலின் அடித்தகடுகளே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே இதை அழகுக்கு அடித்த புட்டி என்று விட்டுவிட முடியாது. சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் தொடப்படவே இல்லை. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் எஸ்யூ காபரேற்றர் மட்டும் மாற்றப்பட்டிருந்தது: எங்களுடைய நல்லது போய், வேறொன்றின் தேய்ந்தது வந்திருந்தது.

ரலிக் கார்கள் கிளிநொச்சி நகரைக் கடந்த காலையில் நான் மட்டும் வீதியோரத்தில் நின்றேன். அப்பா வர மறுத்துவிட்டார்.

கராஜ்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். இப்படியொரு காரைக் கொடுக்கிறவர்கள், கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் கையில் வாங்காமல் அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள். பெயின்ற் அடிக்கும் முன் அடித்தகடுகளைப் படம் எடுங்கள். முன்சில்லைத் தூக்கி வைத்து, உங்கள் கண்முன்னே கிறீஸ் அடிக்கச் சொல்லுங்கள். நாள் போதாவிட்டால் ரலியை விட்டுவிடுங்கள்.

இரண்டு ட்ரனியன்களும், புட்டியோடு வெட்டியெடுத்த தகடும், கையொப்பமிட்ட சிட்டையும் என்னிடம் இருக்கின்றன. பார்க்க விரும்புவோருக்குக் காட்டுவேன்.