மாநாட்டுக் கட்டுரைகளைச் செனோடோவில் வெளியிடுவது: திருகோணமலையிலிருந்து ஓர் அனுபவம்

திருகோணமலையில் நடக்கும் ஒரு சிறிய ஆய்வரங்கின் கட்டுரைத் தொகுப்பை வெளியிடும் பொறுப்பு சில வருடங்களாக எங்கள் குழுவின் தலையில் இருக்கிறது. குழு என்றால் பெரிதாக எதுவும் இல்லை. சில விரிவுரையாளர்கள், ஒரு நூலகர், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், அப்புறம் அந்தந்த வருடம் அகப்படும் மாணவர்கள். கட்டுரை எழுதுகிறவரிடமும் காசு வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. இதற்கு நாங்கள் நம்பியிருப்பது, ஆய்வுக் கோப்புகளை இலவசமாக வைத்திருக்கும் செனோடோ என்ற இணையக் களஞ்சியத்தை. இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் வேறு ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். சேவை நல்லது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் கணக்குத் திறந்தால் தொகுப்பு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முக்கால்வாசி வேலை அதற்கு வெளியே கிடக்கிறது.

முன்பு தொகுப்பு அச்சில் வந்தது. மாநாட்டுப் பையில் போட்டுக் கொடுத்தது போக மிச்சம் அலுமாரியில் தூங்கும். பிறகு தனியாக ஓர் இணையத்தளம் வைத்தோம். முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய நிறுவனம் அதைச் செய்யாமல் விட்டது. கொஞ்ச நாளில் அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்தது. அந்த இணைப்பைச் சுயவிபரக்கோவையில் போட்டிருந்த ஒரு பிள்ளை நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறாள். கேள்வி கேட்டவர் அவள் முன்னாலேயே அதைத் திறந்து பார்த்திருக்கிறார். வெளியீடு என்றால் நிலைத்த முகவரிதான் முதல் தேவை என்று அதற்குப் பிறகு எங்களிடம் யாரும் வாதாடவில்லை.

நிலைத்த முகவரி என்றால் டிஓஐ, அதாவது கட்டுரையை விட்டு மாறாத ஓர் அடையாள எண். டிஓஐ பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பில் நேரடியாகச் சேர்ந்து அதை வாங்க அப்போது மிகச் சிறிய நிறுவனத்துக்கே ஆண்டுக்கு 275 டொலர் கட்டணம். கட்டுரைக்கு ஒரு டொலர் வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் டிஓஐக்கு டொலர் என்று நிதிப் பகுதியில் போய்க் கேட்க யாருக்கும் துணிவில்லை. செனோடோ அதைச் சும்மா தருகிறது.

செனோடோ 2013இல் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓப்பன்ஏயர் திட்டமும் ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடமும் சேர்ந்து தொடங்கின. அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகர் செனோடோட்டஸின் பெயரிலிருந்துதான் இந்தப் பெயர். எங்கள் நூலகருக்கு இதில் தனிப் பெருமை. கோப்புகள் சேர்னின் தரவு நிலையத்திலேயே இருக்கின்றன. சேர்ன் இருக்கும்வரை களஞ்சியமும் இருக்கும் என்பது அவர்களுடைய கொள்கை. ஒரு பதிவுக்கு 50 கிகாபைட் இடம். நமக்கு அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

கூட்டாக வேலை செய்ய அங்கே ‘சமூகம்’ என்ற ஏற்பாடு உண்டு. ஆய்வரங்கின் பெயரில் ஒன்றைத் திறந்து, குழுவில் உள்ளவர்களுக்குப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கலாம். யார் கட்டுரை அனுப்பினாலும் அது வரிசையில் நிற்கும். பொறுப்பாளர் ஒருவர் பார்த்து ஏற்றால்தான் சமூகத்துக்குள் வரும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள நண்பர்கள் அங்கிருந்தே சரிபார்க்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. யாருடைய ஊரில் கரண்ட் இருக்கிறதோ அவர் அன்றைய பொறுப்பாளர். வட்ஸ்அப்பில் ‘எனக்கு வந்திட்டுது’ என்று ஒரு வரி போட்டால் மற்றவர்கள் கையை எடுத்துவிடுவார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்த வசதி, டிஓஐயை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது. வெளியிடுவதற்கு முன்பே எண் கிடைத்துவிடும். அதைக் கட்டுரையின் முதல் பக்க அடியில் அச்சடித்து, பிறகு அந்தப் பிடிஎஃப்பை ஏற்றலாம். தாளில் எடுத்துப் படிக்கிற பேராசிரியருக்கும் முகவரி கையிலேயே இருக்கிறது.

இனித் தமிழ்க் கட்டுரைகளின் கதை. எங்கள் ஆய்வரங்குக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கட்டுரை வரும். இலங்கையில் தமிழில் தட்டச்சுப் பழகியவர்களில் நிறையப் பேரின் கை இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் ஓடும். பாமினி பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும் கணினிக்கு அது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அப்படியே பிடிஎஃப்பாக்கி ஏற்றினால் கண்ணுக்கு அழகாக இருக்கும். கூகுளில் தமிழில் தேடினால் அந்தக் கட்டுரை உலகத்தில் இல்லை. எஃப்எம் அபய என்ற எழுத்துருவில் வரும் சிங்களக் கட்டுரைகளுக்கும் இதே விதி.

சரி, மாற்றி மென்பொருளில் போட்டு, கணினிக்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்கலாம் என்றால் அங்கே வேறு கூத்து. தமிழ் வரிகளுக்கு நடுவே நிற்கும் ஆங்கிலத்தையும் அந்த மாற்றி விட்டுவைக்காது. கன்னியா வெந்நீரூற்றுகள் ஏழிலும் நீர் எடுத்துப் பகுப்பாய்வு செய்த ஒரு கட்டுரையில், மில்லிகிராமுக்கு ஆங்கிலத்தில் போட்டிருந்த எம்ஜி எல்லாம் ‘அப’ ஆகிவிட்டது. அட்டவணை முழுக்க அப, அப, அப. கட்டுரையாளர் பார்த்துவிட்டு, “மிஸ், என்ட தண்ணியில என்ன கலந்தனீங்கள்?” என்று கேட்டார். இப்போது அட்டவணைகளை மாற்றியில் போடுவதே இல்லை, கையால் அடிக்கிறோம். உடல்பகுதியை மாற்றிய பிறகு ஒருவர் மூலப்பிரதியை வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்கிறார். பழைய அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்த அதே முறைதான்.

யூனிகோடில் வந்த கட்டுரையும் முழுக்கப் பத்திரம் இல்லை. பிடிஎஃப்பிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் சிலவற்றில் கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலும் போய் விழும். ஒவ்வொரு பிடிஎஃப்பிலும் ஒரு பந்தியைப் பிரதி செய்து வெறுங்கோப்பில் ஒட்டிப் பார்க்காமல் நாங்கள் ஏற்றுவதில்லை. இதில் தவறியதைத் திருப்பி அனுப்புவோம். தலைப்பையும் சுருக்கத்தையும் செனோடோவின் பெட்டிகளில் யூனிகோடில் தனியாகக் கொடுக்க முடிவதால், உள்ளே எப்படியிருந்தாலும் வெளியே தேடலுக்கு ஏதாவது அகப்படும். தளத்தின் முகம் முழுக்க ஆங்கிலம் என்றாலும் தமிழ்த் தரவை அது பிசகாமல் வாங்கிக்கொள்கிறது.

இதைவிடத் தலையிடி பெயர்கள். படிவத்தில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு பெட்டி. ஒன்று குடும்பப் பெயர், மற்றது தனிப்பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கந்தையாவின் மகள் சுகந்தி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட்டால், உலகம் முழுக்க அவருடைய ஆய்வைக் ‘கந்தையா, 2023’ என்று மேற்கோள் காட்டும். கந்தையா பாவம், நிலாவெளியில் வெங்காயம் செய்கிற மனிதர். மாற்றிப் போட்டால், அதே பிள்ளை வேறொரு சஞ்சிகையில் வேறு மாதிரிக் கொடுத்திருப்பாள், இரண்டு ஆளாகிவிடுவாள். கலியாணத்துக்குப் பிறகு தலையெழுத்தை மாற்றினால் மூன்றாவது ஆள். கிண்ணியா, மூதூரிலிருந்து எழுதுகிறவர்களில் ஒரே தலையெழுத்துகளும் ஒரே பெயரும் உள்ள இரண்டு பேர் ஒரே அமர்வில் வந்ததுண்டு. சிங்கள நண்பர்களின் தலையெழுத்துகளை விரித்தால் பெட்டியே போதாது.

கடைசியில் ஒரு வழக்கத்துக்கு வந்தோம். எந்தப் பெயர் எந்தப் பெட்டிக்கு என்பதைக் கட்டுரையாளரே எழுதித் தர வேண்டும், நாங்கள் ஊகிக்க மாட்டோம். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் கட்டாயம். 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பதினாறு இலக்க எண் பெயர் எப்படி மாறினாலும் ஆளை விடாது. மாணவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். “சேர், இதுவும் ஒரு பாஸ்வேர்ட்டா?” என்றார்கள். இப்போது கட்டுரை அனுப்பும்போதே எண்ணோடு வருகிறார்கள். பெயரில் பிழை இருந்தால் வெளியிட்ட பின்னும் திருத்தலாம், டிஓஐ மாறாது. செனோடோவில் என்னை மிகவும் நிம்மதியாக வைத்திருப்பது இதுதான்.

கோப்பு அப்படியல்ல. வெளியிட்ட பிடிஎஃப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. மாற்ற வேண்டுமானால் புதிய பதிப்பாக ஏற்ற வேண்டும், அதற்கு வேறு டிஓஐ. எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான டிஓஐ ஒன்றும் உண்டு, அது எப்போதும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுபோகும். “ஒரு கமாதானே, மாற்றி விடுங்கோ” என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஆனால் மேற்கோள் காட்டியவர் பார்த்த கட்டுரை அவருக்குப் பிறகும் அப்படியே கிடைக்க வேண்டும் என்பதால் இந்தப் பிடிவாதம் சரி என்றே நினைக்கிறேன்.

முழுத் தொகுப்பையும் ஒரே பிடிஎஃப்பாகப் போடும் வழக்கம் நம் நாட்டில் அதிகம். அதைச் செய்யாதீர்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலர் கட்டுரைக்கு ஒரு கோப்பு என்று எதிர்பார்க்கிறது, அதுவும் 5 மெகாபைட்டுக்குள். புறாத்தீவுப் பவளப்பாறைகள் பற்றிய கட்டுரைகள் நீருக்கடியில் எடுத்த படங்களோடு வரும்போது இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். படங்களைச் சுருக்கிக் கட்டுரையில் வைத்து, முழுப் படங்களைத் தனிப் பதிவாக ஏற்றி இரண்டையும் இணைக்கிறோம்.

கணினித் துறைப் பயிலரங்கு நடந்த வருடம் அத்தகைய தொகுப்புகளை இணையத்தில் வெளியிடும் சியூர் என்ற சேவைக்கும் விண்ணப்பித்தோம். ஜேர்மனியின் ஆகன் நகரில் 1995இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், இதுவும் முற்றிலும் இலவசம். ஆனால் கண்டிப்பு அதிகம். அவர்கள் தந்த பக்க வடிவத்துக்குள்ளேயே கட்டுரை இருக்க வேண்டும். பொருளடக்கப் பக்கத்தை நாமே அவர்கள் மாதிரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் பேனாவால் ஒப்பமிட்ட உடன்படிக்கை வேண்டும். பிறர் படமோ அட்டவணையோ இருந்தால் ஒரு படிவம், இல்லாவிட்டால் வேறு படிவம். சம்பூரில் இருந்த ஒரு மாணவன் ஒப்பமிட்ட தாளைப் போனில் படம் பிடித்து அனுப்ப, அதில் அவனுடைய பெருவிரலும் சேர்ந்து வந்தது. திரும்ப எடுக்கச் சொன்னோம். இந்தக் கண்டிப்பு எரிச்சல் மூட்டும், மறுக்கவில்லை. ஆனால் அதில் பழகிய கை செனோடோவுக்குத் திரும்பி வந்தபோது எங்கள் பதிவுகள் ஒழுங்காயின. உடன்படிக்கை வாங்கும் வழக்கத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

சியூர் தொகுப்புகள் டிபிஎல்பி, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைச் சுட்டிப் பட்டியல்களில் சேர்க்கப்படுகின்றன. செனோடோவில் ஏற்றினால் அப்படித் தானாகச் சேராது. களஞ்சியத்தில் இருப்பது மட்டும் ஒரு கட்டுரையைச் சுட்டிப் பட்டியலுக்குள் கொண்டுபோகாது. பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்க்கிற விரிவுரையாளர் கேட்கும் முதற்கேள்வி “ஸ்கோபஸில வருமோ?” என்பதுதான். வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அதனால் சிலர் அனுப்புவதில்லை. அவர்கள் நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் கிணற்று நீரைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரையைப் படிக்க வேண்டியவர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார். அவரிடம் ஸ்கோபஸ் கணக்கு இருக்காது. இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினால் திறக்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டியது.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். செனோடோவின் டிஓஐ கிராஸ்ரெஃபிலிருந்து வருவதல்ல, டேட்டாசைட் என்ற வேறோர் அமைப்பில் பதிவாகிறது. கிராஸ்ரெஃபை மட்டும் தேடுகிற கருவிகள் சில கட்டுரையைக் கண்டுபிடிக்காமல் விழிக்கும். 2023 ஒக்டோபரில் தளம் புதிய மென்பொருளுக்கு மாறியபோது பழகிய பொத்தான்கள் இடம் மாறின. எங்கள் வழிகாட்டிக் குறிப்பைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. பழைய இணைப்புகள் எதுவும் உடையவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே உண்மைத் தளத்தில் கை வைக்க வேண்டாம். செனோடோவுக்குச் ‘சாண்ட்பாக்ஸ்’ என்று ஒரு பயிற்சித் தளம் இருக்கிறது. தனிக் கணக்கு, வேலை செய்யாத டிஓஐ, எவ்வளவு குழப்பினாலும் பரவாயில்லை. புதிய மாணவர்களை முதலில் அங்கே விட்டு, பாமினியில் வந்த ஒரு கட்டுரையையும் தலையெழுத்து நீண்ட ஒரு பெயரையும் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். அங்கே போடுவது எந்த நேரமும் அழிக்கப்படலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.