பத்துத் தடவை கடலுக்குப் போனேன், இரண்டு தடவைதான் கரைக்கு வந்தேன்

நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் என் சித்தி மகள் போன வாரம் வாட்ஸப்பில் மூன்று கோப்புகள் அனுப்பினாள். அவளும் கூடப் படிக்கிற மூன்று பேரும் சேர்ந்து செய்த கதை விளையாட்டுகள். “அண்ணா, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க, எங்க இடிக்குதுன்னு எழுதுங்க” என்றாள். வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போய்வரும் பேருந்தில் நான்கு நாளாக இதே வேலையாக இருந்தேன். சொல்ல நிறைய இருக்கிறது.

இந்த மாதிரி விளையாட்டு தெரியாதவர்களுக்காக: கதையை வாசித்துக்கொண்டே போவோம், நடுவில் “என்ன செய்யப் போகிறாய்” என்று நிற்கும், நாம் தொடுகிற வரியைப் பொறுத்துக் கதை வேறு பக்கம் திரும்பும். இவர்கள் செய்தது ட்வைனில். 2009-இல் கிறிஸ் கிளிமாஸ் கொண்டுவந்த இலவச மென்பொருள் அது. முடித்ததும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாகக் கொடுத்துவிடும், ஃபோனில் குரோமில் திறந்தால் ஓடும், நெட் வேண்டாம். ஒவ்வொரு கதையும் கால் மணி நேரம்.

முதலில் கடல் கதை, ஏனென்றால் மூன்றில் அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. தூத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன் முதல் தடவையாகத் தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தொழிலுக்குப் போகிறான். கார்த்திகை மாதம். வருடம் சொல்லவில்லை, புயலுக்குப் பெயரும் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை. 2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஒக்கிப் புயல் வந்தபோது பல நாள் தொழிலுக்குக் கிளம்பிய படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன, எச்சரிக்கை பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்த வலியை எடுத்து விளையாட்டு ஆக்குவதா என்று திறக்கும்போது எனக்குத் தயக்கம் இருந்தது. என் அம்மா வீடு குளச்சல். ஆனால் இவர்கள் அதை மரியாதையோடு செய்திருக்கிறார்கள், அழவைக்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒரே ஒரு திரையைச் சொல்கிறேன். காற்று மாறிவிட்டது, வலை பாதி தண்ணீரில் கிடக்கிறது. மூன்று வரி வருகிறது: வலையை இழு, வலையை அறு, பெரியவரைப் பார். நான் பெரியவரைத் தொட்டேன். அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வாக்கியம் சேர்ந்தது, மறுபடி அதே மூன்று வரி. இன்னொரு தடவை பார்த்தேன், அவர் கையில் கத்தி இருக்கிறது. மூன்றாவது தடவை தொட்டபோது தெரிவுகளே இல்லை. அவர் அறுத்துவிட்டார், கயிறு தண்ணீருக்குள் போகிற சத்தத்தை மட்டும் எழுதியிருக்கிறார்கள். முடிவெடுக்காமல் நிற்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் என் விரலாலேயே செய்ய வைத்துவிட்டார்கள். அந்த வலை யாருடைய கடனில் வாங்கியது என்று முதல் பக்கத்தில் வாசித்திருந்தேன், அதனால் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு உண்மையிலேயே நெஞ்சு அடித்தது.

இனி குறை. தலைப்பில் ஒன்பது முடிவுகள் என்று போட்டிருக்கிறது. நான் ஏழு பார்த்தேன், அதில் ஐந்து சாவு. ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே பத்தி, கடைசி வரி மட்டும் மாறுகிறது. ஐந்தையும் எடுத்துவிட்டு இரண்டாக எழுதுங்கள், அந்த இரண்டும் நான் போன வழியை ஞாபகம் வைத்திருக்கட்டும். கிளம்பும்போது அம்மா பழங்கஞ்சியும் கருவாடும் எடுத்து வைக்கிறாள், குடித்துவிட்டுப் போவதா, படகு காத்திருக்கிறது என்று ஓடுவதா என்று கேட்கிறீர்கள். அருமையான கேள்வி. ஆனால் அப்புறம் அந்தக் கஞ்சி கதையில் எங்கேயுமே வரவில்லை. கேட்டால் பதில் வேண்டும். நடுக்கடலில் ஒரு வாக்கியம் போதும், மூடி வைத்த அந்தக் கிண்ணம் அவன் நினைவுக்கு வந்தால் போதும். பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒயர்லெஸ் பேட்டரி வாங்குவது மட்டும் பின்னால் வேலை செய்கிறது, அது செய்கிற விதம் நன்றாக இருக்கிறது.

இன்னொன்று, திரையின் ஓரத்தில் பின்னால் போகிற அம்பு. ட்வைனில் இருக்கும் ஹார்லோ என்கிற கதை வடிவத்தில் அது தானாகவே வரும், எடுத்துவிடவும் முடியும். கடல் கதையில் அதை எடுத்தே ஆக வேண்டும். வலையை அறுத்த பிறகு ஒரு தட்டு தட்டினால் வலை திரும்பி வந்துவிடுகிறது.

இரண்டாவது, தோவாளைப் பூக்கதை. ஓணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை, கேரள வியாபாரி விலை கேட்கிறார், கொடுப்பதா நிறுத்துவதா. சந்தையின் சத்தமும் ஈரச் சாக்கும் பிச்சிப்பூ வாசமும் அப்படியே இருக்கிறது. ஆனால் பத்து இடத்தில் கேட்கிறார்கள், எப்படிப் போனாலும் ஒரே முடிவு. அவர்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டிரண்டாகப் பத்து தடவை பிரித்தால் 1024 முடிவு எழுத வேண்டும், யாராலும் ஆகாது, அதனால் கிளைகளைத் திரும்ப ஒன்றாகச் சேர்க்கத்தான் வேண்டும். சேர்க்கிற இடத்தில் கதைக்கு மறதி வரக்கூடாது, அவ்வளவுதான். நான் ஐந்தாவது பக்கத்திலேயே எல்லாப் பூவையும் விற்றுவிட்டேன், ஒன்பதாவது பக்கத்தில் “கூடை நிறையப் பூவோடு நிற்கிறாய்” என்கிறது.

அதைவிடப் பெரிய தொந்தரவு பெயர். ஆரம்பத்தில் நம் பெயரைக் கேட்டு வாங்கி, வாக்கியத்துக்குள் ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் பெயர் அப்படியே நிற்கும், தமிழில் வேற்றுமை உருபு வருமே. செல்வம் என்று போட்டேன், “செல்வம்ஐக் கூப்பிட்டார்” என்று வந்தது. செல்வத்தை என்று வரவேண்டும். ஜெயா என்றால் ஜெயாவை, மேரி என்றால் மேரியை, ராஜன் என்றால் ராஜனை. ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி மாளாது. என் யோசனை இது: பெயரே கேட்காதீர்கள். நம் ஊரில் சந்தையில் ஒரு பாட்டி பூக்காரப் பிள்ளையைப் பெயர் சொல்லியா கூப்பிடுவார், “மக்களே” என்றுதானே கூப்பிடுவார். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும், வந்தான் வந்தாள் என்கிற சிக்கலும் பாதி குறையும். அதோடு, வாசகரை ஒரு பக்கம் நீ என்றும் அடுத்த பக்கம் நீங்கள் என்றும் சொல்வதைச் சரிபாருங்கள். நீ என்பதே இந்தக் கதைகளுக்கு நன்றாக இருக்கிறது.

மூன்றாவது, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக் கதை. பால் வெட்டுகிற அம்மாவுக்குக் காய்ச்சல், மகள் கத்தியை எடுத்துக்கொண்டு இருட்டிலேயே கிளம்புகிறாள், மழை வருமா வராதா. மழை வந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. மூன்றே முடிவு, மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நாளாக இருக்கிறது. பேச்சு மொழி மூன்று கதைகளிலும் இதில்தான் சுத்தம். இதில் நான் கைவைக்கச் சொல்வது ஒரே இடம்தான்: சிரட்டையில் பால் சொட்டுவதைப் பற்றிய அந்த நீளமான பத்தியை இரண்டு திரையாகப் பிரியுங்கள், ஃபோனில் கீழே இருக்கும் தெரிவு கண்ணிலேயே படவில்லை.

எழுத்துப் பிழைகளையும், எந்த வழியில் போனபோது எந்தப் பக்கத்தில் இடித்தது என்பதையும் ஸ்கிரீன்ஷாட்டோடு சித்தி மகளுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடல் கதையில் இன்னும் இரண்டு முடிவுகள் நான் பார்க்காமல் கிடக்கின்றன. கஞ்சியையும் குடித்து, பேட்டரியையும் வாங்கிக்கொண்டு, பெரியவரை ஒரு தடவைகூடப் பார்க்காமல் நானே வலையை அறுக்கிற வழி ஒன்று பாக்கி. நாளைக்குக் காலைப் பேருந்தில் அதைத்தான் போய்ப் பார்க்கப் போகிறேன்.