ஃபைனலில் தோற்றால் போய் உட்கார ஒரு கடை, கீழக்கரைப் பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேட்ச் தெளிவாகத் தெரியவேண்டும் என்பவர்கள் வீட்டு டிவியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடையின் புரொஜெக்டர் பழசு. பகல் ஆட்டம் என்றால் வெளிச்சம் இறங்கும்வரை பந்து கண்ணிலேயே படாது, பக்கத்தில் போனில் பார்ப்பவன் சத்தம் போட்ட பிறகுதான் அவுட்டா ஃபோரா என்று நமக்குத் தெரியும். ஆனால் இந்தியா இன்றைக்கு ஃபைனலில் கவிழ்த்துவிடுமோ என்று உள்ளூர ஒரு உதைப்பு இருந்தால், ராமநாதபுரம் கடற்கரை ஓரத்தில் போய் உட்கார இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கீழக்கரையில் இருந்து ஏர்வாடி போகிற சாலையில் இருக்கிறது. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் பனைமரங்களும் நாலைந்து தென்னையும் நிற்கிற பெரிய முற்றம், அதில்தான் திரை. கடைப் பெயரை எழுதவில்லை, கடைக்காரர் காக்காவே (இந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வேண்டாம் என்றுவிட்டார். "பேரப் போட்டா கூட்டம் வந்துரும் தம்பி, வந்த கூட்டத்த யாரு மேய்க்கிறது?" என்றார். தெரியாதவர்கள் அந்தச் சாலையில் எந்த ஆட்டோ அண்ணனிடமும் மேட்ச் போடுகிற கடை எது என்று கேட்டால் போதும்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுவோம். கணவாய் தொக்குதான் இங்கே சாப்பிடவேண்டியது. நிறைய கடைகளில் கணவாயை ரப்பராக்கிவிடுவார்கள், இங்கே அந்தத் தப்பு நடப்பதில்லை, மிளகும் சின்ன வெங்காயமும் தூக்கலாக, மசாலா கணவாயோடு ஒட்டி வரும். பரோட்டாவுக்குத் தருகிற சால்னா பரவாயில்லை ரகம், மேட்ச் நாளில் கொஞ்சம் தண்ணியாகிவிடுகிறது. முரல் வறுவல் கிடைத்தால் விடாதீர்கள், முள்ளுக்குப் பயப்படுகிறவர்கள் பாறை மீன் வாங்கிக்கொள்ளலாம். இடியாப்பம் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் காலி. கடைசியில் தொதல் என்கிற இனிப்பு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் செய்வதில்லை, ஊருக்குள் ஒரு லாத்தா (அக்கா) வீட்டில் கிண்டிக் கொடுக்கிறார்களாம், தேங்காய்ப்பால் வாசனை கையில் மறுநாள்வரை இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஐபிஎல் ஃபைனல் பெரும்பாலும் மே மாதக் கடைசியை ஒட்டித்தான் வரும், நம் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்தச் சமயத்தில் நாட்டுப்படகில் வருகிற மீன்தான், அளவும் குறைவு விலையும் கூட, கோழி வாங்கிச் சாப்பிடுங்கள், மீன் நல்லா இல்லை என்று யாரும் எழுதாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்லாவுக்குப் பின்னால் லேமினேட் செய்த ஒரு படம் மாட்டியிருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் ஏதோ தர்கா வேண்டுதல் பலகை என்று நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவு எழுத்து. அது கனடாவில் வான்கூவர் நகரத்தில் ஒரு பெரிய கடையின் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அடித்த பிளைவுட் பலகை. அதன்மேல் ஊர்க்காரர்கள் பேனாவாலும் மார்க்கராலும் மன்னிப்பு, வருத்தம், நகரத்தின்மேல் வைத்த பாசம் என்று இடம் விடாமல் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். காக்காவின் மச்சான் அப்போது அங்கே ஒரு ஓட்டல் சமையலறையில் வேலையில் இருந்திருக்கிறார், அவர் அனுப்பிய படம். யாராவது என்ன இது என்று கேட்டால் போதும், காக்கா கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

2011 ஜூன் 15. ஐஸ் ஹாக்கியில் ஸ்டான்லி கோப்பை, ஏழாவது ஆட்டம், சொந்த ஊர் மைதானம். வான்கூவர் கனக்ஸ் அணி பாஸ்டன் புரூயின்ஸிடம் 4-0 என்று தோற்கிறது. அந்த அணி அதுவரை அந்தக் கோப்பையை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை, ஊர் வெறியாக இருந்திருக்கிறது. நகர மையத்தில் தெருவிலேயே பெரிய திரை வைத்து எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் வந்துவிட்டார்கள். நிறையப் பேர் மத்தியானத்திலேயே குடிக்க ஆரம்பித்தாயிற்று, நிற்கவே இடமில்லை, வெளியே போக வழியும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கார்களைக் கவிழ்த்தார்கள், போலீஸ் கார்களைக் கொளுத்தினார்கள், கடைகளை உடைத்துச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சேதம் சுமார் 38 லட்சம் கனடிய டாலர் என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். இதே நகரம் முந்தின வருஷம்தான் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தி, இதே தெருக்களில் ஆடிப்பாடி உலகத்திடம் நல்ல பெயர் வாங்கியிருந்தது, அதனால் ஊருக்கு அடி பலம். ஆனால் 1994-லும் நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று இதே போல ஒரு கலவரம் நடந்த ஊர்தான் அது, மறந்துவிட்டார்கள், அல்லது மறந்தமாதிரி இருந்தார்கள்.

காக்கா கலவரத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். மறுநாள் நடந்ததைத்தான் விஸ்தாரமாகச் சொல்வார். விடிந்ததும் ஜனங்கள் துடைப்பம், குப்பைப் பை எடுத்துக்கொண்டு தாங்களாகவே வந்து தெருவைப் பெருக்கியது, போலீஸ் கார் ஒன்றின்மேல் நன்றி எழுதிய சின்னச் சின்னக் காகிதங்களை வண்டியே மறைகிற அளவுக்கு ஒட்டியது, இந்தப் பலகை. அப்புறம் இன்னொரு கூட்டம். கலவரத்தில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் ஃபேஸ்புக்கில் போட்டு, இவன் யார் அவன் எங்கே வேலை செய்கிறான் என்று தேடித்தேடி அம்பலப்படுத்தியவர்கள். சிலருக்கு வேலை போனது. தானாகவே வந்து மன்னிப்புக் கேட்டவர்களையும் விடவில்லை, மிரட்டல் தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பமும் உண்டு.

அன்று வான்கூவரில் பேசியவர்களில் பாதிப்பேர் சொன்னது ஒன்றுதான்: அவர்கள் எல்லாம் உண்மையான ரசிகர்களே இல்லை, வம்புக்கென்றே வந்தவர்கள். போலீஸ் தலைவர் ஜிம் சூவும் முதலில் அராஜகக் கும்பலைத்தான் கைகாட்டினார். பிறகு வழக்கு நடந்தபோது சுமார் 300 பேர் சிக்கினார்கள், பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், அவர்களில் பலர் அதற்குமுன் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காத சாதாரணப் பையன்கள். கலவரப் படங்களைப் பார்த்தாலே தெரியும், எரிகிற காருக்கு முன்னால் கனக்ஸ் பனியன் போட்டுக்கொண்டு போஸ் கொடுக்கிறான், அவன் ரசிகன் இல்லை என்றால் யார் ரசிகன்? எனக்கு இந்த "வெளியூர்க்காரன் செய்தது" பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். நம் ஊரில் எந்தத் திருவிழாவில் அடிதடி நடந்தாலும் மறுநாள் காலையில் டீக்கடையில் இதே வசனம்தானே.

1996 மார்ச் 13 ஈடன் கார்டன்ஸ் நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். இலங்கையோடு உலகக் கோப்பை அரையிறுதி, 252 எடுக்கவேண்டும், டெண்டுல்கர் போனதும் சீட்டுக்கட்டாகச் சரிந்து 120-க்கு 8, பாட்டில் பறக்கிறது, கேலரியில் தீ, ரெஃப்ரி கிளைவ் லாய்ட் ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்துவிட்டார். இலங்கை டிவியான ரூபவாஹினிக்காக வீட்டுக்கூரையில் ஆன்டெனா உயர்த்திய ஊர்கள் இந்தக் கரை பூரா உண்டு, எதிர்க்கரைக்காரன் ஜெயித்த அந்த ராத்திரியைப் பற்றி இந்தக் கடையில் பேச்செடுத்தால் பெரியவர்கள் இன்றைக்கும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒருவர் அழுதவனை மறந்துவிட்டு எறிந்தவனை மட்டும் பேசாதே என்பார், இன்னொருவர் 1999 சென்னை சேப்பாக்கம் டெஸ்டை இழுப்பார். பாகிஸ்தானிடம் வெறும் 12 ரன்னில் தோற்றும் மொத்த மைதானமும் எழுந்து கைதட்டியதே, அது நம்ம ஆட்கள்தானே என்பார். உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு தமிழன் என்றால் நிதானம் என்று ஆரம்பிப்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. சேப்பாக்கத்தில் எல்லாருக்கும் உட்கார சீட் இருந்தது, மத்தியானத்தில் இருந்து தெருவில் நிற்கவைத்து, குடிக்கவைத்து, போக வழியில்லாமல் அடைத்திருந்தால் யார் எப்படி இருந்திருப்பார்கள் என்று சொல்லமுடியாது. வான்கூவர் விவகாரத்தை ஆராய்ந்த ஜான் ஃபர்லாங், டக்ளஸ் கீஃப் இருவரும் குடித்த கூட்டத்தின் நெரிசலைத்தான் முக்கியமாகச் சுட்டினார்கள். இதில் ஃபர்லாங் யார் என்றால், அந்த 2010 ஒலிம்பிக்கையே நடத்திக்காட்டிய குழுவின் தலைமை அதிகாரி.

காக்கா இந்த அறிக்கையை எல்லாம் படித்திருக்கமாட்டார். ஆனால் அவர் கடையில் செய்கிற ஏற்பாட்டைப் பார்த்தால் படித்தமாதிரிதான் இருக்கும். மேட்ச் நாளில் ஆளுக்கு 100 ரூபாய் டோக்கன், அதைச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம். சேர் தீர்ந்தால் டோக்கனும் தீர்ந்தது, நின்றுகொண்டு பார்க்கிற வேலையே கிடையாது, ரோட்டோரம் ஒருத்தர் நிற்கக்கூடாது. சாராய வாடை அடித்தால் வாசலிலேயே "வீட்ல போய்ப் படுங்க மாமா" என்று மரியாதையாகத் திருப்பிவிடுவார், அவர் சொந்த மாமாவாகவே இருந்தாலும். பைக்குகளை எல்லாம் முற்றத்துக்கும் பின்னால் நிறுத்தச் சொல்கிறார், வெளியே வர ஒரே ஒரு சந்துதான். மேட்ச் முடிந்ததும் இருபது பைக் ஒன்றாகச் சேர்ந்து ஹாரன் அடித்துக்கொண்டு பறக்கமுடியாது, ஒவ்வொன்றாகத்தான் உருட்டிக்கொண்டு வரவேண்டும். யோசனை அருமை, ஆனால் அனுபவிக்கிறவனுக்குத்தான் தெரியும், கடைசி வரிசையில் வண்டியை விட்டால் பாதி ராத்திரி ஆகிவிடும்.

2023 நவம்பர் 19 அன்று இது எல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தேன். உலகக் கோப்பையில் வரிசையாகப் பத்து மேட்ச் ஜெயித்துவிட்டு அகமதாபாத் ஃபைனலுக்கு வந்த நம் அணி, 240-க்கு ஆல் அவுட். ஆஸ்திரேலியா 47-க்கு 3 என்று ஆனபோது முற்றமே குதித்தது, அதற்கப்புறம் டிராவிஸ் ஹெட் அடித்த அடியில் ஒருவர் பின் ஒருவராக அடங்கிப்போனார்கள். முப்பது ஓவர் தாண்டியதும் காக்கா திரைப் பக்கம் திரும்பவே இல்லை, பரோட்டாக் கல்லுக்குப் போய்விட்டார். இருந்த மாவை எல்லாம் போடச் சொன்னார். மேக்ஸ்வெல் கடைசி ரன்னை அடித்தபோது எல்லா விளக்கும் பட்டென்று எரிந்தது, திரையில் சத்தத்தைக் குறைத்தார்கள், எல்லார் முன்னாலும் சூடான பரோட்டாவும் சால்னாவும், காசு கேட்கவில்லை. "வெறும் வயித்தோட தோத்தவன ரோட்ல விடக்கூடாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த ஈட்டைத் திருப்பப் போய்விட்டார். சாப்பிடுகிற வாய் திட்டிக்கொண்டும் இருந்தது, ரோஹித் ஏன் அந்த ஷாட் ஆடினார், பிட்ச்சை ஏன் அப்படிப் போட்டார்கள், எல்லாம்தான், ஆனால் உட்கார்ந்துகொண்டு.

ஒரு பையன் மட்டும் சேரை உதைத்து உடைத்துவிட்டான். காலேஜ் வயசு இருக்கும், கண்ணெல்லாம் சிவந்து. உடனே பக்கத்தில் இரண்டு போன் எழும்பியது. சேர் உடைந்ததற்குக் காக்கா ஒன்றும் பெரிதாகச் சத்தம் போடவில்லை, போனைத் தூக்கியவர்களிடம்தான் நேராகப் போனார். அழிக்கச் சொன்னார், அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். "சேரு அறுநூறு ரூவா. அதுக்கு அவன் மூஞ்சி ஊரு பூரா சுத்தணுமா?" பையனை மறுநாள் காலையில் முற்றம் பெருக்க வரச் சொன்னார். வந்தானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. போன் வைத்திருந்த ஒருவர் மட்டும், தப்பு செய்தவனை ஊர் பார்த்தால்தான் திருந்துவான் என்று வெளியே வரும்வரை முனகிக்கொண்டே வந்தார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன், வான்கூவரில் பல வழக்குகள் நின்றதே ஜனங்கள் கொடுத்த படங்களால்தான். போலீஸிடம் கொடுப்பது வேறு, ஊருக்கே எறிவது வேறு என்பது என் கட்சி.

குறைகளையும் சொல்லவேண்டும். பெண்களுக்கு என்று கழிப்பறை கிடையாது, இருக்கிற ஒன்றும் மேட்ச் நாளில் கிட்டே போகமுடியாது, குடும்பத்தோடு போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். குடும்பங்களுக்கு என்று முன்வரிசை ஒதுக்குவதாகச் சொல்கிறார்கள், முன்வரிசையில் கழுத்துதான் வலிக்கும். கொசு தாராளம். டோக்கனில் மிச்சம் இருந்தால் சில்லறையாகத் தருவதில்லை, மிட்டாய் நீட்டுகிறார்கள், இது எனக்குப் பிடிக்கவில்லை. கடல் காற்று தூக்கினால் திரை ஆடும், யார்க்கர் எல்லாம் ஃபுல்டாஸ் மாதிரி தெரியும்.

டோக்கன் முந்தின நாள் அஸர் தொழுகைக்கு (சாயங்காலத் தொழுகை) பிறகு கொடுப்பார்கள், போனில் எல்லாம் சொல்லிவைக்கமுடியாது, நேரில்தான் போகவேண்டும். இடதுபக்கத் தென்னைக்குக் கீழே இருக்கிற சேர்களைக் கேட்டு வாங்குங்கள், திரையும் நேராகத் தெரியும், பரோட்டாக் கல்லும் பக்கம். வண்டியைச் சந்து வாயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் விடமுடியுமோ அவ்வளவு பக்கத்தில் விடுங்கள், அதற்குச் சீக்கிரமே போய்விடுவது நல்லது.