கார்பன் பிடிப்புக்கு மானியம்: வரி கட்டுபவனின் விமர்சனம்

ஆலைகளிலிருந்து வரும் கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் பிடித்து நிலத்துக்கடியில் புதைப்பதுதான் கார்பன் பிடிப்பு. இந்த ஆலைகளுக்கு எதற்கு மானியம் என்று கேட்டால், விவரம் தெரியாமல் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள் துறைக்காரர்கள். வாயு சுத்திகரிப்பு ஆலையில், கரியமில வாயுவைப் பிடிக்கும் அமீன் என்ற ரசாயனத்தைக் கையாளும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். கேட்பவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம். நம் வரிப்பணத்தில் வாங்கும் சேவை இது, விமர்சனம் எழுத நமக்கு உரிமை உண்டு.

சேவை வேலை செய்கிறதா? செய்கிறது. ஒரு கோபுரத்தில் மேலிருந்து அமீன் கரைசல் வழிந்து இறங்கும், கீழிருந்து கரியமில வாயு கலந்த வாயு ஏறும். சுமார் 40 டிகிரியில் கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். ஷிப்ட் முடிந்து சட்டையைக் கழற்றும்போதும் அமீனின் மீன் வாடை போகாது. பெரிய செலவு அந்தச் சூட்டுக்கான நீராவியில் இருக்கிறது. மின் நிலையத்தில் இதை வைத்தால், மின்சாரம் ஆகவேண்டிய நீராவியில் ஒரு பங்கை இதுவே குடித்துவிடும்.

அதனால்தான் நிலக்கரிக்குக் கொடுத்த மானியம் எனக்கு ஏமாற்றம். அமெரிக்க எரிசக்தித் துறை 8 நிலக்கரித் திட்டங்களுக்கு 68.4 கோடி டாலர் செலவழித்தது. கட்டி முடித்து ஓடியது ஒன்றுதான் என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பே 2021இல் சொன்னது. அந்த ஒன்றான, டெக்சாஸின் பெட்ரா நோவாவும், பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றுக்குள் செலுத்தி, கூடுதல் எண்ணெய் எடுத்துத்தான் வருமானம் பார்த்தது. 2020இல் எண்ணெய் விலை சரிந்ததும் நின்றுபோய், 2023இல்தான் திரும்ப ஓடியது.

நார்வேயின் ஸ்லைப்னர் கடல் எரிவாயு வயல் வேறு மாதிரி. அங்கே 1991இலேயே கார்பன் வரி வந்துவிட்டது. கரியமில வாயுவை வெளியே விட்டால் வரி, புதைத்தால் மிச்சம். 1996இலிருந்து கடலுக்கடியில் புதைக்கிறார்கள்.

சிமென்ட்டுக்கு மட்டும் நான் மானியத்துக்கு முழு ஆதரவு. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டாலே கரியமில வாயு வரும். எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் பிடிப்புப் பிரிவு ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அளவில் 2025இல் திறக்கப்பட்டது. பெரும் பங்கு அரசுப் பணம்தான். அப்படியும் ஆலையின் உமிழ்வில் சுமார் பாதிதான் பிடிபடும். அதற்கே என் வரிப்பணத்தை மனதாரக் கொடுப்பேன்.

மக்கள் எதிர்ப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். நெதர்லாந்தின் பாரென்ட்ரெக்ட் ஊருக்கு அடியில் புதைக்கும் திட்டம் ஊர்க்காரர்கள் எதிர்ப்பால் 2010இல் கைவிடப்பட்டது. 2020இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சட்டார்ஷியாவில் கரியமில வாயுக் குழாய் உடைந்து, மூச்சுத் திணறி பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே நாட்டின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் இந்தக் குழாய்களுக்காக நிலத்தைக் கட்டாயமாக எடுக்கக்கூடாது என்று 2025இல் சட்டமே வந்தது. இவர்களில் பலர் பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் அல்ல. ஆபத்து எங்கள் வாசலில், பணம் வேறு யார் கைக்கோ என்கிறார்கள். சரிதானே?

அமெரிக்காவில் புதைத்தால் டன்னுக்கு 85 டாலர் வரிச்சலுகை. 2025 சட்டத்துக்குப் பிறகு, புதிய ஆலைகள் பிடித்த வாயுவை எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தினாலும் அதே தொகை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆலை கட்டுவதற்குப் பணம் வேண்டாம், புதைத்த டன்னுக்கு மட்டும் கொடுங்கள். புதைக்கும் கிணற்றின் வாயில் வாயுவை அளக்கும் மீட்டரின் கணக்கை மாதாமாதம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கசிந்தால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.