ஏலகிரியில் 'ஆறு தெரியும் ரூம்': என் 8,500 ரூபாய் போன கதை

ஏலகிரி மலை மேல் ஆறு கிடையாது. இதைப் போன செவ்வாய்க்கிழமையே யோசித்திருந்தால் 8,500 ரூபாய் என்னிடமே இருந்திருக்கும்.

நேற்று சனிக்கிழமை நடந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரூம் புக் பண்ணும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரி. ஏலகிரி ஒன்றும் எங்களுக்குப் புதிய ஊர் இல்லை. ஸ்கூல் டூர் போயிருக்கிறேன், கல்யாணமான புதிதில் போயிருக்கிறேன், புங்கனூர் ஏரியில் படகில் சுற்றியிருக்கிறேன். திருப்பத்தூர் தனி மாவட்டமாகப் போன பிறகும் எங்களுக்கு அது நம்ம மலைதான். என் மாமியார் இன்னும் மொத்தத்தையும் வட ஆற்காடு என்றுதான் சொல்வார். அவருக்கு 68 வயது, முட்டி வலி. "ஒரு நாளாவது மலை மேல பூந்தோட்டத்துல உக்காந்து டீ குடிக்கணும்மா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாதம் எனக்குச் சீட்டு விழுந்தது. சரி, ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று நான்தான் கிளப்பினேன்.

ஒரு ரூம் புக்கிங் ஆப்பில் தேடினேன். பெயர் சொல்லவில்லை, எல்லார் போனிலும் இருக்கிற வகைதான். அதில் ஒரு படம். மலை உச்சியில் பூங்கா, கட்டம் கட்டமாகப் பூப்பாத்தி, கல் பதித்த நடைபாதை, ஓரத்தில் பெஞ்சு. கீழே தூரத்தில் வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல ஓர் ஆறு வளைந்து போகிறது. 'கார்டன் காட்டேஜ், ரிவர் வியூ, ஏலகிரி' என்று போட்டிருந்தது. அத்தையிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆத்துல தண்ணி இருக்குதே" என்றார். பாலாற்றுக்காரர்கள் நாங்கள். எங்களுக்கு ஆறு என்றால் மணல், கருவேல முள், பாலத்துக்குக் கீழே கிரிக்கெட். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது அதைப் பார்க்கவே பாலத்தில் கூட்டம் கூடியது. அந்த ஏக்கத்தில், ஏலகிரியில் ஏதுடா ஆறு என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. ஆட்டாறு இருக்கிறது, ஆனால் அது ஜலகாம்பாறை அருவிப் பக்கம், மலைக்கு அந்தப்புறம். அதுவும் மழை பெய்தால்தான் தண்ணீர்.

ஆப்பில் கேள்வி அனுப்பினேன். ரெண்டே நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் போன் வந்தது. நான் விழுந்த இடம் இதுதான்.

"அக்கா, வேலூரா நீங்க? எங்க அக்காவைக் காட்பாடியிலதான் கட்டிக் குடுத்திருக்கோம். கல்புதூர் பக்கம்."

அச்சு அசல் நம்ம பேச்சு. பணத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. பெரியவர்கள் வருகிறார்களா, மாடிப்படி ஏற முடியுமா, ராத்திரிக்கு இட்லியா சப்பாத்தியா, சுகர் இருந்தால் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லி வைக்கிறேன் என்றான். என் கூடப் பிறந்த தம்பி இவ்வளவு விசாரித்ததில்லை. கடைசியில்தான், "அக்கா, ஆப்புல போட்டா கமிஷன் புடிச்சிடுவாங்க. நேரா போட்டீங்கன்னா உங்களுக்கு ஆயிரம் ரூபாய் குறையும்" என்றான். செவ்வாய்க்கிழமை 3,000 ஜிபே பண்ணினேன். வியாழக்கிழமை, "வீக்எண்டுக்கு வேற பார்ட்டி கேக்கறாங்க, உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கேன், மீதியையும் போட்டுடுங்க" என்றான். 5,500. ஆக 8,500. ஒரு பில்லும் அனுப்பினான், நம்பர், முத்திரை எல்லாம் போட்டு.

நேற்று காலை கிளம்பினோம். ஆம்பூரில் பிரியாணி. வாணியம்பாடி தாண்டி திருப்பத்தூர் சாலையில் போகும்போது போன் வந்தது. செக்யூரிட்டி டெபாசிட் 2,000 உடனே போட வேண்டுமாம், கிளம்பும்போது திருப்பித் தருவார்களாம். வீட்டுக்காரர் போனை வாங்கி, "நேர்ல வந்து குடுக்கறோம் தம்பி" என்றார். "சரிங்க சார்." அவ்வளவுதான். அவன் குரலைக் கடைசியாகக் கேட்டது அதுதான்.

பொன்னேரியில் திரும்பி மலை ஏறினோம். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயர், வள்ளல் பெயர் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் பாரி, காரி, ஓரி என்று கத்திக்கொண்டே வந்தார்கள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அத்தனாவூர் தாண்டி அவன் அனுப்பிய லொகேஷனுக்குப் போனால் ஒரு பலாத்தோப்பு. கம்பி வேலி, பூட்டின கேட், ஒரு நாய். போன் அடித்தேன். அடித்தது, எடுக்கவில்லை. இருபது தடவை அடித்திருப்பேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் அவன் படமே காணோம், பிளாக் பண்ணிவிட்டான். பக்கத்தில் தேன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நம்ம மலையே இல்லம்மா. இந்தப் படத்தைக் காட்டிக்கிட்டு போன வாரமும் ஒரு கார் வந்துச்சு" என்றார்.

நாங்கள் முதல் ஆள் இல்லை!

ஆப்பில் புகார் போட்டேன். முதலில், 'உங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' அப்புறம், '48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்.' நான் விடாமல் எழுதியதும், 'பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படாததால் நாங்கள் பொறுப்பல்ல.' பொறுப்பு இல்லையாம். அந்தப் படத்தைப் போட இடம் கொடுத்தது யார்? என் நம்பர் ரெண்டு நிமிடத்தில் அவன் கைக்கு எப்படிப் போனது? இதற்குப் பதிலாக ஐந்து நட்சத்திரம் காட்டி, எங்கள் சேவையை மதிப்பிடுங்கள் என்று வருகிறது. வங்கிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று பதினைந்து நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு, "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க மேடம்" என்றார்கள். ஆமாம், நானேதான் போட்டேன். 8,500 ரூபாயையும் என் விரலால்தான் அனுப்பினேன். அது எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை, மலை முழுக்கக் கூட்டம், கிடைத்த ரூமெல்லாம் யானை விலை. அரசாங்க இயற்கைப் பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பூ இருந்தது, டீயும் கிடைத்தது. ராத்திரிக்குள் வீடு திரும்பிவிட்டோம். இறங்கும்போது வீட்டுக்காரர், "வள்ளல் லிஸ்ட்ல உன் பேரையும் சேத்துடலாம், எட்டாவது வள்ளல்" என்றார். நான் பேசவே இல்லை. அத்தைதான், "விடுப்பா, பூவைப் பாத்தேன் இல்ல" என்றார். அது இன்னும் வலித்தது.

வீட்டுக்கு வந்து நாத்தனார் மகள் அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாள். ஏதோ வெளிநாட்டு நகரத்தில் குன்றின் மேல் இருக்கும் பூங்காவாம். ஆறும் அந்த ஊர் ஆறு. பத்து விநாடி வேலை. செவ்வாய்க்கிழமை செய்திருக்கலாம்.

என்ன கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன். நீளமாக எழுதப் பொறுமை இல்லை. ஆப்பை விட்டு வெளியே பணம் போடாதீர்கள். படத்தை லென்ஸில் தேடுங்கள். ஜிபே பண்ணும்போது திரையில் வருகிற பெயரைப் படியுங்கள், எனக்கு வந்த பெயருக்கும் அவன் சொன்ன பெயருக்கும் சம்பந்தமே இல்லை, பார்த்தும் விட்டுவிட்டேன். வீடியோ காலில் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அடியுங்கள், அந்த நிமிடமே. நான் அடித்தது நேற்று ராத்திரி, முதல் பணம் போய் நாலு நாள் கழித்து. புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். 8,500 வருமா என்று தெரியாது.

இதை எழுதும்போதே சந்தேகப்பட்டு அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். என் புகாருக்குப் பிறகு ஏலகிரி காட்டேஜை எடுத்துவிட்டார்கள். அதே பூப்பாத்தி, அதே பெஞ்சு, அதே ஆறு இப்போது ஜவ்வாது மலையில் இருக்கிறது. ஒரு ராத்திரிக்கு 7,900.