ஓன்லேயா, கேப்பா, பெரிய ஃபில்லிங்கா?

கடைவாய்ப்பல்லில் பாதியைச் சொத்தை அரித்துவிட்டது, மீதி உறுதியாக நிற்கிறது. இந்த நிலையில் மருத்துவமனைகளில் பெரும்பாலும் காதில் விழுபவை இரண்டே வழிகள்: அடைத்துவிடலாம், இல்லையென்றால் கேப் போட்டுவிடலாம். நடுவே ஓன்லே என்ற ஒன்று இருப்பதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பல்லை முழுதாக மூடாமல், சேதமான பகுதிக்கு மட்டும் வெளியே செய்து ஒட்டும் மூடி அது.

குழி சிறியதென்றால் யோசிக்க எதுவும் இல்லை. ஃபில்லிங் போதும், ஒரே நாளில் முடிந்துவிடும். குழி அகலமாகும்போதுதான் சிக்கல். காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருள் இறுகும்போது சற்றே சுருங்கி, பக்கச் சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது. மெலிந்த சுவர் அந்த இழுப்பையும் கடிக்கும் விசையையும் சேர்த்துத் தாங்க முடியாமல் விரிசல் விடலாம். ஓன்லேயை வாய்க்கு வெளியே செய்துகொண்டு வந்து ஒட்டுவதால், சுருக்கம் ஒட்டும் பசையின் மெல்லிய படலத்தோடு நின்றுவிடுகிறது. பல்லின் கடிக்கும் பரப்பிலுள்ள பலவீனமான மேடுகளின் மேலும் அது கவிந்து உட்காரும்.

கேப்பின் கதை வேறு. அதற்காகப் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். நல்ல எனாமலும் சேர்ந்தே போகும். பல் மருத்துவ ஆய்வாளர்களான எடல்ஹாஃப், சோரன்சன் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முழு கேப்புக்காகப் பின்பற்களின் வெளியே தெரியும் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை இழக்கப்பட்டது. ஓன்லேக்கு அதில் பாதியளவோ அதற்கும் குறைவோ போதுமானதாக இருந்தது. எனாமல் மறுபடி வளராது என்பதால் இந்த வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஓன்லே போட்ட பல்லுக்குப் பின்னாளில் கேப் போடலாம். கேப்புக்காகச் சீவிய பல்லுக்குத் திரும்பி வர வழியில்லை.

'ரூட் கெனால் செய்தால் கேப் கட்டாயம்' என்பது பாதி உண்மைதான். கடைவாய்ப்பல்லின் மேடுகளை மூடிக் காப்பது பெரும்பாலும் அவசியம். சுற்றிலும் சீவித்தான் மூட வேண்டும் என்பதில்லை. சுவர்கள் போதிய தடிமனோடு மிஞ்சியிருந்தால் அந்த வேலையை ஓன்லேயும் செய்யும்.

ஆனால் ஓன்லேயின் ஆயுள் ஒட்டுதலில் இருக்கிறது. அமிலத்தால் எனாமலைச் சற்று அரித்துப் பிடிப்பு உண்டாக்கலாம் என்று 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர் காட்டியதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. அந்தப் பரப்பில் எச்சில் பட்டால் பிடிப்பு கெடும். எனவே எச்சில் படாமல் பல்லைத் தனியே பிரித்து வைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் கட்டி ஒட்டுவார்களா என்று கேட்டுவிடுங்கள். சொத்தை ஈறுக்குக் கீழே ஆழமாகப் போய்விட்டாலோ, விளிம்பில் எனாமலே மிஞ்சவில்லை என்றாலோ கேப்பே மேல்; அங்கே ஓன்லேக்காகப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

பணம் மிச்சமாகும் என்று எண்ணி ஓன்லேயைத் தேடினால் ஏமாற்றம்தான். அதற்கும் ஆய்வகத்தின் நுணுக்கமான வேலை தேவை. கட்டணம் பெரும்பாலும் கேப்பை ஒட்டியே வரும். வழக்கமாக இரண்டு முறை போக வேண்டும். கணினியில் வடிவமைத்து அங்கேயே கடைந்து எடுக்கும் கருவி உள்ள இடங்களில் ஒரே நாளில் முடியும். அந்த முறை 1985இல் சூரிச்சில் நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் செராமிக்கில் (பீங்கான் வகைப் பொருளில்) செய்த ஓன்லேயைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரவில் மாட்டும் காப்புத் தட்டு தேவைப்படலாம். தங்கத்தின் நிறம் உறுத்தாதவர்களுக்குத் தங்க ஓன்லே இன்றும் நல்ல தேர்வு.